தோட்டம் தன் குரலைக் கேட்கட்டும்

ரப்பர் நிழலில் பிறந்த பாட்டும் பருத்திக் காட்டில் பிறந்த ப்ளூஸும் உறவுக்காரர்கள். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வரவேண்டிய முதல் இசைத்தொகுப்பு பற்றி ஒரு சிறப்புப் பார்வை.

1941 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்தில் ஸ்டோவால் என்றொரு பருத்தித் தோட்டம். அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். அவருடைய குடிசைக்கு இரண்டு ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார்கள். ஒருவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்பாடல் சேர்த்துவந்த ஆலன் லோமாக்ஸ். மற்றவர் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பேராசிரியர் ஜான் வொர்க். கிதாரை மடியில் வைத்துக்கொண்டு மார்கன்ஃபீல்ட் பாடினார். சில காலம் கழித்துத் தபாலில் இசைத்தட்டுகளும் 20 டாலர் காசோலையும் வந்து சேர்ந்தன. தன் குரல் தட்டிலிருந்து வருவதைக் கேட்டபோதுதான் தன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1943இல் தோட்டத்தை விட்டு சிகாகோவுக்கு ரயிலேறினார். உலகம் அவரை மட்டி வாட்டர்ஸ் என்று அறிந்துகொண்டது. ராக் இசையின் பாதி வரலாறு அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

அதே 1941இன் முற்பகுதியில், பூமியின் இந்தப் பக்கத்தில், மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார்கள். தோட்டத்து அதிகாரி எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அந்த மாதங்களில் லயங்களில், அதாவது தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளில், என்ன பாடினார்கள்? கூலிக்காக நின்றவர்கள், செத்தவனை எடுத்துப் போனவர்கள், வீட்டில் மாரடித்த பெண்கள் எல்லாரும் பாடியிருப்பார்கள். பாட்டில்லாமல் ஒரு சாவும் ஒரு சண்டையும் நம் சனங்களிடம் நடந்ததில்லை. ஆனால் 1941இன் தோட்டம் காவல்துறை அறிக்கையிலும் விசாரணைக் கோப்பிலும்தான் நமக்குக் கிடைக்கிறது. மிசிசிப்பியின் தோட்டத்துக்குக் கிடைத்த ஒலித்தட்டு சிலாங்கூரின் தோட்டத்துக்கு வாய்க்கவில்லை. இந்தக் கட்டுரையின் கவலை இதுதான். தன் குரலைத் தானே கேட்காத ஒரு சமூகத்துக்கு முதல் ஆல்பம் என்பது வெறும் சந்தைப் பொருளாக இருக்க முடியாது.

ஆற்றோரத்துத் தோட்டங்கள்

கோலசிலாங்கூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது மலாவத்தி குன்றும் கம்போங் குவாந்தானின் மின்மினிப் பூச்சிகளும். நமக்கு நினைவுக்கு வருவது வேறு வரிசை: புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா), அதற்கும் வடக்கே தஞ்சோங் காராங். சிலாங்கூர் ஆற்றின் இரு கரையிலும் காப்பி, பிறகு ரப்பர், பிறகு செம்பனை என்று பயிர் மாறிக்கொண்டே வந்தது. கை மட்டும் நெடுங்காலம் தமிழ்க் கையாகவே இருந்தது.

நாட்டின் செம்பனை வரலாறே இங்கேதான் தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே 1905இல் மலாயாவுக்கு வந்து, ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டார். 1917இல், காப்பி தோற்றுப்போன தென்னமரம் தோட்டத்தில், மலாயாவின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கினார். இந்த மண்ணின் வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய ‘மலேசி’ என்ற நாவலுக்கு 1930இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தோட்ட முதலாளியின் பார்வையில் இந்த வட்டாரம் உலக இலக்கியத்துக்குள் அப்போதே போய்விட்டது. தொழிலாளியின் குரல் அங்கே போகவில்லை.

குரல் இல்லாமல் இல்லை. கருக்கலில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு மரம் சீவல், பகலில் பால் எடுத்துக் காண்டாக் கம்பில் சுமந்து வருதல், மாலையில் லயம் என்று ஓடிய நாளில் பாட்டுக்கு இடம் இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் தாலாட்டு. புல் வெட்டும் பெண்களிடம் தெம்மாங்கு. மாசியில் காமன் கூத்து. திருவிழாவில் கரகமும் கும்மியும். சாவு வீட்டில் ஒப்பாரியும் தப்பும். கப்பலேற்றிய கங்காணியின் பொய், ஊரில் விட்டு வந்த தாய், கிராணியின் வசவு, கள்ளுக்கடையில் கரைந்த கூலி என எல்லாமே பாட்டாயின. ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ தந்த முரசு நெடுமாறன் போன்றவர்கள் தோட்டத்து நாட்டுப்பாடல்களையும் தேடிச் சேர்த்தார்கள். அவர்கள் இல்லையென்றால் இன்று வரிகளும் நம் கையில் இருந்திருக்காது. வரி பிழைத்துக்கொண்டது. பாடியவரின் மூச்சும் இழுப்பும் அழுகையும் தாளில் ஏறவில்லை.

பிறகு வேலையே மாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீட்டுமனைகளாயின. புக்கிட் தாகார், சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், மேரி, மின்ஞாக் ஆகிய ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் ஒரு சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் அலைந்தன என்பதை இந்த மாநிலம் அறியும். லயம் காலியானபோது பாட்டுக்காரர்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிப்போனார்கள். சேர்ந்து பாடும் கூட்டம் கலைந்தது.

உறுமியும் வழுக்கும் கண்ணாடியும்

ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்கும் வாசகருக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்கத் தென்மாநிலங்களில், அடிமை முறை ஒழிந்த பிறகும் பருத்தித் தோட்டங்களில் கட்டுண்டு கிடந்த கறுப்பின மக்களின் பாட்டு அது. மிசிசிப்பியின் டாக்கரி தோட்டத்தில் வாழ்ந்த சார்லி பேட்டனை அதன் மூத்த தலைமுறையாகச் சொல்வார்கள். முதல் அடியைப் பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாம் அடியில் பதில் சொல்வார்கள். சில சுரங்களைச் சற்றே தாழ்த்திப் பிடிப்பார்கள். பிடித்த சுரத்தில் நிற்காமல் சறுக்கி இறங்குவார்கள். அந்தச் சறுக்கலில்தான் வலி இருக்கிறது.

இதைப் படித்ததும் ஒப்பாரி நினைவுக்கு வராத தமிழர் இருக்க முடியாது. ஒப்பாரி சொல்லும் பெண் அடியைத் தூக்கிப் பிடித்து, பிறகு தொண்டை உடைய இறக்குவாள். சுற்றி உட்கார்ந்தவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ராகத்தின் பெயர் அவளுக்குத் தேவைப்படவில்லை.

வாத்தியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு இன்னும் தெளிவாகும். உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றைக் குச்சியால் அடிப்பார்கள். மற்றதன்மேல் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது வரும் ஒலி ஒரே சுரத்தில் நிற்காது. அடியிலிருந்து எழுந்து, முனகி, திரும்ப விழும். மிசிசிப்பி கிதார்க்காரர் புட்டியின் கழுத்தை உடைத்து விரலில் மாட்டிக்கொண்டு கம்பிமேல் வழுக்கவிட்டாரே, அந்தக் கிதாரும் இதையேதான் செய்கிறது. கட்டைகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் சுரங்களை அது வெளியே இழுத்துவிடுகிறது. இரண்டு கருவியும் மனிதக் குரலைப் போல அழத் தெரிந்தவை.

சேர்த்து வாசிப்பது அவ்வளவு எளிதல்ல. தோல் கருவிக்கு வெயில் ஒரு குணம், மழை ஒரு குணம். கடலும் ஆறும் சேரும் கோலசிலாங்கூரின் ஈரக்காற்றில் தப்பின் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்திக் காய்ச்சினால்தான் விறைப்பு ஏறும். காய்ச்சிய சூடு ஆற ஆறச் சுருதி இறங்கும். கிதாரோ ஒரு முறை சுருதி கூட்டினால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். அப்படியானால் யார் யாருக்கு வளைந்து கொடுப்பது? பல ஒலிப்பதிவுக் கூடங்களில் செயற்கைத் தோல் போட்டு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறார்கள். அல்லது கணினியில் இருக்கும் உறுமி ஒலியை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். நாட்டுப்புற ராக் என்று பெயர் வைத்துக்கொள்ளும் குழு, கிதாரை இறக்கித் தோலுக்குச் சுருதி கூட்டட்டும் என்று சொல்வேன். தோலின் மாறும் குரல்தான் இந்த மண்ணின் ஒலி. அதை நேராக்கிவிட்டால் மிஞ்சுவது இன்னொரு ராக் பாட்டுதான்.

கருவிக்கும் கைக்கும் இங்கே பஞ்சமே இல்லை. தோட்டம் விட்டு வந்த பிள்ளைகள் தாமான்களில் உறுமி மேளக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். குழுவின் பெயர் அச்சிட்ட சட்டையோடு, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும், தீமிதிக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும், இறுதி ஊர்வலத்துக்கு அண்டை வீட்டுக்கும் அவர்கள்தான் போகிறார்கள். சத்தம் என்று சிலர் முகம் சுளித்தாலும், நாட்டுப்புறத் தாளத்தை மலேசியாவில் உயிரோடு வைத்திருக்கும் கூட்டம் இதுதான். நம் நாட்டுப்புற ராக்கின் முதல் தாளக்காரர் இவர்களுக்குள்ளேயே இருக்கிறார்.

பெருக்கியில் வந்த பிறர் குரல்

கையும் கருவியும் இருந்தும் நம் சொந்த ஆல்பம் ஏன் வரவில்லை? தோட்டத்துக்கு ஒலி வந்த வழியைப் பார்த்தால் புரியும். 1946இல் மலாயா வானொலி தொடங்கியபோதே தமிழுக்கு இடம் கிடைத்தது. மலாயாவின் அவசரகாலத்தில் தோட்டங்களுக்குப் பொது வானொலிப் பெட்டிகள் வந்தன. அரசின் செய்தி வந்தது, சென்னைத் திரைப்பாட்டும் வந்தது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டினால் சினிமாப் பாட்டு. திடலில் திரை கட்டினால் சினிமா. இசைக்குழு அமைத்தாலும் அதன் வேலை திரைப்பாட்டைத் தட்டில் இருப்பது போலவே வாசிப்பது. அச்சு அசலாக வாசித்தால் கைதட்டல். சொந்தப் பாட்டைத் தொடங்கினால் கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகரும்.

அந்த இசைக்குழுக்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். நாள் முழுக்க மரம் வெட்டிவிட்டு, கடன் வாங்கிய கீபோர்டில் இளையராஜாவின் இடையிசையைக் காதால் கேட்டே பிடித்தவர்கள் அவர்கள். அந்தத் திறமையை வேறு எங்கே தேடுவது? ஆனால் நூறு ஆண்டு உழைத்த சமூகம் கேட்டதெல்லாம் இன்னொருவர் ஊரின் கதை. ரஜூலா கப்பலில் வந்த தாத்தாவின் கதைக்கு மெட்டுப் போட ஆள் இல்லை.

தமிழ் இசைஞர்கள் நாட்டின் பெருவெளியில் வென்றதும் உண்டு. பினாங்குச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் நடத்திய ‘அலிகேட்ஸ்’ மலாய்ப் பாடல்களால் நாடு முழுக்க அறியப்பட்டது. 2007இல் லோகநாதன் மறைந்தபோது எல்லா இனத்தாரும் துக்கப்பட்டார்கள். ‘ப்ளூஸ் கேங்’ குழுவில் ஜிம் மாடசாமியின் கிதார் ஒலித்தது. நெகிரி செம்பிலான் வட்டாரப் பேச்சையே பாட்டாக்கிய அந்தக் குழு நமக்கு ஒரு பெரிய பாடம் சொல்கிறது. ப்ளூஸுக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை, ஊர்ப் பேச்சு போதும். மலாய்க்காரர் தம் வட்டார வழக்கில் அதைச் செய்து காட்டிவிட்டார். பெஸ்தாரி ஜெயா தோட்டத்துத் தமிழில் அதைச் செய்யும் பொறுப்பு நம்முடையது.

‘வல்லவன்’ காட்டிய வழி

செய்ய முடியும் என்பதற்குச் சான்று நம் கண்முன்னே இருக்கிறது. டார்க்கி நாகராஜாவின் ‘கீஸ்’ குழு உள்ளூர்த் தமிழைப் பாட்டில் ஏற்றியது. 1990களில் ‘பொயடிக் ஆம்மோ’ குழுவிலிருந்து வந்த யோகி பி, ‘நட்சத்திரா’ தோழர்களோடு 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ அடுத்த பாய்ச்சல். ‘நிழல்கள்’ படத்தின் ‘மடை திறந்து’ பாடலை எடுத்துத் தங்கள் பேச்சைச் சேர்த்தார்கள். மலேசியத் தமிழனின் தொனி, அவன் திமிர், அவன் தெரு எல்லாம் ஓர் ஆல்பத்தில் ஏறின. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பி குரல் கேட்டது. சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த பாட்டு இப்போது இங்கிருந்து அங்கே போனது. தாமான் வாசல்களில் பையன்கள் அதை மனப்பாடமாகச் சொல்லித் திரிந்ததற்குக் காரணம் தாளம் மட்டுமல்ல. அதில் அவர்கள் தங்களைக் கேட்டார்கள்.

வெளியிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சுசீலா ராமன், ராக் மேடைகளில் தொடங்கியவர். 2001இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் ‘சால்ட் ரெயின்’ பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலுக்குப் போனது. பிறகு தமிழகத்தின் முருகன் பாடல் மரபைத் தேடிப் போய், 2011இல் ‘வேல்’ ஆல்பம் தந்தார். காவடிப் பாட்டும் மின்கிதாரும் ஒரே மூச்சில் நிற்கும் என்பதை அவர் காட்டிவிட்டார். தைப்பூசத்துக்கு உலகப் புகழ் தேடிக்கொடுத்த நாட்டுக்கு இதைவிடத் தூண்டுதல் வேண்டுமா?

‘கபாலி’ படத்தில் மலேசியத் தோட்டத் தமிழரின் கதையைத் தொட்ட பா. இரஞ்சித், அடுத்து இசையமைப்பாளர் தென்மாவோடு சேர்ந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை உருவாக்கினார். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் அவர்களின் முதல் மேடை. பறையும் கானாவும் ராக் கிதாரும் ராப்பும் ஒரே வரிசையில் நின்றன. அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயர் எடுத்த அந்தக் குழு, சாவு வீட்டுக்கென ஒதுக்கப்பட்ட வாத்தியத்தை மேடையின் நடுவே நிறுத்தியது. தப்பைத் தொட்டால் தாழ்வு என்ற எண்ணம் கப்பலேறி நம் தோட்டங்களுக்கும் வந்த ஒன்றுதான். அதனால் இந்தப் பாடம் நமக்கும் சேர்த்துத்தான்.

வள்ளியம்மாள் பேரன் தந்த எச்சரிக்கை

2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யைத் தெரியாதவர் இல்லை. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாடல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு அதை எழுதினார். ஒப்பாரியின் உயிர் உலகப் பட்டியல்களில் ஏறியது. தோட்டத்துப் பாட்டுக்கு உலகம் காது கொடுக்கும் என்பதற்கு அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

ஆனால் அதன் பிறகு நடந்ததையும் நாம் படிக்க வேண்டும். அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு இல்லாமல் போனபோது, பாட்டின் உரிமை யாருக்கு என்ற கேள்வி வெடித்தது. 2024 மார்ச்சில், பல கோடிப் பேர் கேட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இன்னும் வருமானமே வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். நிலத்தை உழைத்துப் பண்படுத்தியவர்களுக்கு நிலம் கிடைக்காத கதையைச் சொன்ன பாட்டு அது. அந்தப் பாட்டுக்கே அந்தக் கதி நேர்ந்தது என்றால், முதல் ஆல்பம் போடும் இளைஞர்கள் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

முதல் ஆல்பத்துக்கு வேண்டியவை

ஆகவே, இந்த வட்டாரத்தில் கிதாரும் உறுமியுமாகக் கூடி, முதல் ஆல்பத்தைக் கனவு காணும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

முதலில் பெரியவர்களிடம் போங்கள். ரப்பர் காலத்தில் பால் வெட்டிய தலைமுறைக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயது. அவர்களின் தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களோடு போய்விடும். கைப்பேசி இருந்தால் போதும். ஆனால் கேட்டு, சம்மதம் வாங்கி, பெயரும் தோட்டமும் குறித்துப் பதிவு செய்யுங்கள். அந்த மெட்டை ஆல்பத்தில் எடுத்தால், பாடிய பாட்டியின் பெயர் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வரட்டும். வருமானத்தில் அவருக்கும் ஒரு பங்கு போகட்டும். ‘நாட்டுப்பாடல், ஆசிரியர் தெரியவில்லை’ என்று எழுதுவது எளிது. தெரிந்துகொள்ள முயல்வதுதான் மரியாதை.

இரண்டாவது, காகிதம். குழுவில் யார் வரி எழுதினார், யார் மெட்டுப் போட்டார், யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதைப் பதிவுக்கூடத்துக்குள் நுழையும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். படைப்பாளிகளின் உரிமத் தொகையை வசூலிக்க எம்.ஏ.சி.பி. போன்ற அமைப்புகள் நாட்டில் இருக்கின்றன. அவற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். மூலப்பதிவின் உரிமையை அவசரப்பட்டு யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். அட்டையின் அழகைவிட ஒப்பந்தத்தின் சிறிய எழுத்து முக்கியம்.

மூன்றாவது, உங்கள் தமிழிலேயே பாடுங்கள். பெரட்டு, காண்டா, கித்தா, தண்டல் என்றெல்லாம் வரட்டும். சென்னைக்குப் புரியுமா என்று தயங்க வேண்டாம். மட்டி வாட்டர்ஸ் தன் ஊர்ப் பேச்சை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை. உலகம் அதைக் கற்றுக்கொண்டது.

மீதிப் பொறுப்பு கேட்கிற நம்முடையது. வானொலிகள் உள்ளூர்ப் பாட்டுக்கு நள்ளிரவு நேரத்தை ஒதுக்காமல், மக்கள் வேலைக்குப் போகும் காலை நேரத்தைத் தர வேண்டும். கோயில் நிர்வாகங்கள் திருவிழா மேடையில் திரைப்பாட்டுக் கச்சேரிக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைச் சொந்தப் பாட்டு பாடும் குழுவுக்கு ஒதுக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி விழாக்களில் அவர்களை அழைக்க வேண்டும். ஆல்பம் வந்தால் இலவசமாக அனுப்பச் சொல்லிக் கேட்காமல், காசு கொடுத்து வாங்க வேண்டும். தெரிந்த பிள்ளைதானே என்று சம்பளமில்லாமல் மேடையேற்றும் பழக்கம் இன்றோடு ஒழியட்டும்.

இந்த நாட்டின் ரப்பரையும் செம்பனையையும் உலகச் சந்தையில் நிறுத்திய கைகள் இந்த வட்டாரத்தின் கைகள். அந்தக் கைகளின் பாட்டையும் அதே சந்தையில் நிறுத்த முடியும், அதற்கு உரிய விலையோடும் உரியவர் பெயரோடும். ப்ளூஸ் பாடிய மக்கள் தங்கள் பாட்டை உலகச் சந்தையில் நிறுத்திக் காட்டிவிட்டார்கள். திறமையில் நாம் அவர்களுக்கு இளைத்தவர்கள் இல்லை. இனி நம் பிள்ளைகள் பாட வரும்போது, முதல் வரிசையில் நாம் உட்கார்ந்திருக்க வேண்டும்.